காக்கா கையில செல்போன் குடுத்தும் புள்ளைங்க சிரிக்கலயே, ஏன்?

தண்டையார்பேட்டை_டீச்சர்:
மக்களே ஒரு சந்தேகம். எங்க தெருவுல ஞாயித்துக்கிழம சாயங்காலம் மொட்டமாடில சின்னப் பசங்கள உக்கார வெச்சு படப்புத்தகம் படிச்சுக் காட்டுறோம். மூணு வயசுலேர்ந்து ஏழு வயசு வரைக்கும் கலந்து கட்டி வரும், சிலது அக்கா இடுப்புலயே குந்திக்கினு கேக்கும். தெரிஞ்சவர் ஒருத்தர் பழைய கதைய காமெடியா மாத்தி எழுதி படமும் போட்டு எடுத்துக்கிட்டு வந்தார். பாட்டி வடை சுட்ட கதைதான், ஆனா இதுல காக்கா செல்ஃபி எடுக்குது, நரி யூடியூப் சேனல் நடத்துது, பாட்டி ஜிபேல காசு வாங்குறாங்க. படிக்கச்சொல்ல கூட வந்த அம்மாங்க எல்லாம் வயித்தப் புடிச்சுக்கினு சிரிக்கிறாங்க, பசங்க அப்டியே மூஞ்சப் பாத்துக்கினு இருக்குது. ஒண்ணு எழுந்து போய் தண்ணி டேங்க்க தட்டிப் பாக்க ஆரம்பிச்சிடுச்சு.

சரி நேரம் மிச்சம் இருக்கேன்னு பரமார்த்த குரு கதைல ஆத்தத் தாண்டுற எடத்த சும்மா வாயால சொன்னேன். படம் கெடையாது, சிலேட்டுல ஆறு குச்சி மனுஷன், அவ்ளோதான். சீடன் எண்ணுறான், "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... ஐயோ ஒருத்தன ஆத்துத்தண்ணி அடிச்சுக்கினு போயிடுச்சே". மாடியே அதிர்ந்துடுச்சுங்க. "டேய் உன்ன எண்ணுடா, உன்ன எண்ணு"ன்னு ஒரு வாண்டு எழுந்து வந்து குச்சி மனுஷன் வயித்துல விரல வெச்சுக் குத்துது, சாக்பீஸ் எல்லாம் அழிஞ்சு போச்சு.

நாங்களே சின்னதா ஒரு காமெடி படப்புத்தகம் போட்டு தெரு பசங்களுக்குக் குடுக்கலாம்னு ஒரு ஆசை. அதுக்கு முன்னாடி இது எனக்குப் புரியணும். செல்போன் ஏன் ஓடல, குச்சி மனுஷன் ஏன் ஓடுச்சு?

காசிமேட்டான்:
டீச்சரே, செல்போன் வெச்சா காமெடின்னு யாரு சொன்னது உங்களுக்கு? புள்ளைக்கு அது இன்னா அதிசயமா, பொறந்ததுலேர்ந்து அத்தத்தான் பாத்துக்கினு கீது. காக்கா செல்ஃபி எடுத்தா "சரி எடுத்துக்கோ"ன்னு போயிடும். இங்க ஹார்பர்ல காலைல ஏலம் உடச்சொல்ல வந்து பாருங்க, ஏலக்காரரு ரேட்டு கத்திக்கினே இருப்பாரு, அவரு முதுகுக்குப் பின்னாடி காக்கா கூடையிலேர்ந்து ஒரு கவலை மீன இஸ்துக்கினு போவும். அத்தப் பாத்து சிரிக்காத புள்ளைய நான் பாத்ததே இல்ல. புள்ளைக்குத் தெரியுது, அவருக்குத் தெரில. மேட்டரு அவ்ளோதான்.

கலர்பென்சில்_பெரம்பூர்:
காசிமேட்டு அண்ணன் மூணு வரில முடிச்சிட்டாரு, நான் படம் வரையுற ஆளுங்கறதால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

மூணு நாலு வயசுப் புள்ள எழுத்தப் படிக்காது, படத்தத்தான் படிக்கும். வரியப் படிக்கிறது பெரியவங்க. அப்போ வரி ஒண்ணு சொல்லுது, படம் வேற ஒண்ணு காட்டுதுன்னா என்ன ஆவும்? அம்மா தப்பா படிக்கிறாங்க, நான்தான் கரெக்டா பாத்துட்டேன்னு புள்ளைக்கு ஒரு கெத்து வரும். சிரிப்பு அங்கேர்ந்துதான் கெளம்புது. "அஞ்சு பேர்தான் இருக்கோம்"னு வரி, படத்துல ஆறு பேரு நிக்கிறான். இதுக்கு மேல ஒரு ஜோக்கும் எழுத வேணாம். அதே கதைல இன்னொரு எடம், ஆத்துத்தண்ணி தூங்குதா முழிச்சிருக்கான்னு பாக்க கொள்ளிக்கட்டைய தண்ணில உடுவான், சொய்ய்ங்னு சத்தம் வரும், ஐயோ முழிச்சிருக்குன்னு ஓட்டம். அப்புறம் அதே அணைஞ்ச கட்டைய எடுத்தாந்து மறுபடி உடுவான், சத்தமே வராது, ஆஹா தூங்கிடுச்சுடான்னு எறங்குவாங்க. கட்டை அணைஞ்சு போச்சுன்னு படத்துல புள்ளைக்குத் தெரியும், எறங்குறவனுக்குத் தெரியாது.

செல்போன் காக்கா கேலி பண்றது பாட்டி கதைய இல்ல, நம்மள. அதான் அம்மாங்க சிரிச்சாங்க. அது பெரியவங்களுக்கான புக்கு, சைஸ் மட்டும் சின்னப் புள்ள சைஸ்ல இருக்கு.

ஓய்வு_ஹெட்மாஸ்டர்_ராயபுரம்:
எல்லாரும் பேசுறதப் படிச்சேன். எனக்கு இதுல உடன்பாடு இல்ல. பரமார்த்த குரு கதைன்னு போற போக்கில சொல்லிட்டுப் போறீங்களே, அது வீரமாமுனிவர் எழுதினது. இத்தாலியிலேர்ந்து வந்த பாதிரியார், தமிழ் கத்துக்கிட்டு 18ஆம் நூற்றாண்டுல எழுதினார். பாபிங்டன்னு ஒரு ஆங்கிலேயர் அத 1822ல லண்டன்ல தமிழும் இங்கிலீஷுமா அச்சுப் போட்டார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்னு சீடர்களுக்குப் பேர் வெச்சதுலயே இருக்கு விஷயம், முட்டாளோட சேர்ந்தா என்ன கதி ஆகும்னு ஒரு பாடம். வடை கதையில முகஸ்துதிக்கு மயங்காதேன்னு பாடம். நீங்க நரிய ஹீரோ ஆக்கி, காக்காவுக்கு டான்ஸ் ஆட விட்டு, கடைசில பாட்டியையும் கோமாளி ஆக்கிட்டா குழந்தை என்னத்த எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போகும்? அசல் கதைய அசலா சொல்லுங்க, அதுலயே வேண்டிய நகைச்சுவை இருக்கு.

ஒற்றியூர்வாசி:
சார் மரியாதையோட ஒரு கேள்வி, எது அசல்?

நம்ம காக்கா வடை தூக்குது. கிரேக்கத்து ஈசாப் காக்கா பாலாடைக்கட்டி தூக்குது. புத்த ஜாதகக் கதைல ஒரு காக்கா மரத்துல குந்திக்கினு நாவப்பழம் தின்னுது, கீழ நரி வந்து "ஆஹா என்ன குரல், யாரு இது மயிலு மாதிரி"ன்னு அள்ளி விடுது, அந்தக் காக்கா ஏமாந்து அழல, "உயர்ந்த குலத்துல பொறந்தவங்களுக்குத்தான் அடுத்தவங்க பெருமை தெரியும்"னு திருப்பி நரியப் புகழ்ந்துட்டு கெளைய உலுக்கிப் பழத்த உதுத்துக் குடுக்குது. ரெண்டும் மாத்தி மாத்தி ஐஸ் வெச்சுக்கினு இருக்கறதப் பாத்துட்டு மரத்துல இருக்கற தேவதை கடுப்பாயி ரெண்டு பேரையும் தொரத்தி அடிக்குது. பாடம் வேணும்னா இதுல ரெண்டு மடங்கு கெடைக்கும் சார்.

மூணு பன்னிக்குட்டி கதையும் அப்டிதான். 1890ல ஜோசப் ஜேக்கப்ஸ் போட்ட இங்கிலீஷ் தொகுப்புல மொத ரெண்டு பன்னியையும் ஓநாய் தின்னுடும், மூணாவது பன்னி ஓநாயக் கொதிக்கிற பானைல போட்டு ராத்திரி சாப்பாடா சாப்ட்ரும். 1933ல டிஸ்னி கார்ட்டூன் வந்தப்ப ரெண்டு பன்னியும் தப்பிச்சு அண்ணன் வூட்டுக்கு ஓடிடுச்சு. இப்ப உலகம் பூரா பசங்களுக்குத் தெரிஞ்சது அந்தத் தப்பிச்ச பன்னிதான். 1989ல அமெரிக்காவுல ஒரு படப்புத்தகம் வந்துச்சு, அதுல ஓநாயே பேசுது, "நான் பாவம்ங்க, எனக்கு ஜலதோஷம், ஒரு கப் சக்கர கடன் கேக்கப் போனேன், தும்முனேன், வூடு உழுந்துடுச்சு"ன்னு. மாத்தறது ஒண்ணும் புதுசு இல்ல சார், யாருக்காக மாத்தறோம்ங்கறதுதான் கேள்வி.

ஓய்வு_ஹெட்மாஸ்டர்_ராயபுரம்:
ஜாதகக் கதை நல்லாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன். அதுல செல்ஃபி எங்க வந்தது?

காசிமேட்டான்:
சார் சிக்ஸர் 😂

வியாசர்பாடி_அம்மா:
எல்லாரும் புள்ள புள்ளன்னு பொதுவா பேசறீங்க, எந்த வயசுப் புள்ளன்னு பாக்க வேணாமா? எங்க வூட்டுல ரெண்டு இருக்கு. சின்னதுக்கு மூணு முடிஞ்சுது, அதுங்கிட்ட கதைல ஒரு எழுத்து மாத்த முடியாது. ஒரு நாளு தூக்கக் கலக்கத்துல "பாட்டி போண்டா சுட்டாங்களாம்"னு சொல்லிட்டேன், எழுந்து குந்திக்கினு அழுவுது, "போண்டா இல்ல வடை, மொதல்லேர்ந்து சொல்லு". பெரியவன் ஒண்ணாவது படிக்கிறான், அவன் அந்த கேப்புல "இல்ல பீட்சா சுட்டாங்க, இல்ல இல்ல பாம்பு சுட்டாங்க"ன்னு ஆரம்பிச்சுட்டான், அவனுக்கு சிரிப்பு தாங்கல, இது இன்னும் சத்தமா அழுவுது. ஒரே போண்டாதான், ஒருத்தனுக்குக் காமெடி, ஒருத்திக்குக் கொலக்குத்தம்.

அதனால நான் சொல்றது, சின்னதுங்களுக்கு மொதல்ல நேரா சொல்லணும், திருப்பித் திருப்பி சொல்லணும், அதுங்களே அடுத்த வரி சொல்ற அளவுக்கு வந்தப்புறம்தான் கோக்குமாக்கா மாத்தணும். குல்லா வியாபாரி கதை எடுத்துக்கோங்க. பேரன் வியாபாரி வர்றான், கொரங்கு குல்லாவ எடுத்துக்குது, தாத்தா சொன்னது நெனப்பு வந்து இவன் தன் குல்லாவக் கழட்டி வீசுறான், ஒரு கொரங்கு எறங்கி வந்து அதையும் பொறுக்கிக்கினு "உனக்கு மட்டும்தான் தாத்தா இருக்காரா"ன்னு கேக்குது. எல்லாருக்கும் தெரிஞ்ச ஜோக்குதான். ஆனா தாத்தா கதை தெரியாத புள்ளகிட்ட இத சொல்லிப் பாருங்க, பேந்தப் பேந்த முழிக்கும்.

இன்னொண்ணு, இப்ப நெறைய பசங்களுக்கு வடை கதையே தெரில. எங்க பக்கத்து வூட்டுப் பாப்பா பன்னிக்குட்டி கதைய இங்கிலீஷ்ல ஒப்பிக்குது, காக்கா கதைன்னா "எந்தக் காக்கா?"ன்னு கேக்குது. மாத்துன கதைதான் அதுக்கு மொத கதையா போய் சேரும்.

ஒற்றியூர்வாசி:
அக்கா சொன்னது பாயிண்ட். நேரா சொல்ற புக்கு வேணும்னா ஸ்டோரிவீவர்னு பிரதம் புக்ஸ் 2015லேர்ந்து நடத்துற சைட் இருக்கு, தமிழ்ல நெறைய கதை, எழுதுனவங்க வரைஞ்சவங்க பேரு போட்டுட்டு பிரிண்ட் எடுத்துக்கலாம், பசங்க லெவல் வாரியா பிரிச்சு வெச்சிருப்பாங்க. பழைய புக்கு மேல ஆசை இருந்தா சென்ட்ரல் பக்கத்துல லில்லி பாண்ட் காம்ப்ளக்ஸ்ல போய் தேடணும், 1985ல தீப்புடிச்ச மூர் மார்க்கெட் கடைங்கதான் அங்க போச்சு, அம்புலிமாமா சில சமயம் மாட்டும், சோவியத் காலத்து ரஷ்யப் படக்கதை மாட்டுனா அதிர்ஷ்டம். லைப்ரரின்னா கோட்டூர்புரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகத்துல புள்ளைங்களுக்குன்னே தனி எடம் இருக்கு, ஆனா இங்கேர்ந்து மூணு வயசுப் புள்ளைய தூக்கிக்கினு அவ்ளோ தூரம் போய் வர்றதுக்குள்ள நமக்கு மூச்சு முட்டிடும். வடக்குப் பக்கம் அந்த மாதிரி ஒண்ணு ஏன் இல்லன்னு கேட்டா அது வேற சண்டை, அப்புறம் வெச்சுக்கலாம்.

மின்ட்_பிரஸ்காரன்:
டீச்சர் புக்கு போடறேன்னு சொன்னதால உள்ள வர்றேன். கதைக்குள்ள நான் வரல, பேப்பர் கணக்க சொல்றேன், இதத் தெரிஞ்சுக்கிட்டு எழுதுனீங்கன்னா துட்டும் மிச்சம் காமெடியும் நிக்கும்.

டபுள் கிரவுன் ஷீட்டு 20க்கு 30 இன்ச். கிரவுன் கால் சைஸ்னா 7½க்கு 10, படப்புத்தகத்துக்கு நல்ல சைஸ். ஒரு ஷீட்ட ரெண்டு பக்கமும் அடிச்சு மடிச்சா 16 பக்கம், அத ஒரு ஃபார்ம்னு சொல்லுவோம். ரெண்டு ஃபார்ம் போட்டா 32. வெளிநாட்டுப் படப்புத்தகம் எல்லாம் பாதிக்கு மேல 32 பக்கமா இருக்கும், யாரோ இலக்கியவாதி முடிவு பண்ணது இல்ல, எட்டு எட்டா பதினாறு பதினாறா மடிக்கற கணக்கு அது. 18 பக்கம் வேணும்னு வந்து நிக்காதீங்க, பேப்பர் வேஸ்ட் ஆவும்.

மெயின் மேட்டர் இது. மொத பக்கம் வலது கைப் பக்கம் விழும். 2ம் 3ம் ஒண்ணா தெரியும், 4ம் 5ம் ஒண்ணா தெரியும். அப்போ சிரிப்ப எதிர்ல இருக்கற பக்கத்துல வெச்சா புள்ள மொதல்லயே பாத்துடும், சப்புன்னு போயிடும். ஒத்தப்படை பக்கத்துல முடிச்சு போடணும், திருப்பினா ரெட்டப்படை பக்கத்துல அவுக்கணும். சென்டர் பின் அடிச்ச 16 பக்கத்துல 8ம் 9ம் நடுவுல ஒரே தாளா வரும், படத்த அங்கேர்ந்து இங்க இழுத்துப் போடலாம், ஜாயிண்ட் ஒதைக்காது. பெரிய சீனு எதுவோ அத அங்க வைங்க. வெளில ரேப்பரு, அதான் அட்டை, தனி.

நாலு கலர்னா ஷீட்டோட ஒரு பக்கத்துக்கு 4 பிளேட்டு, கலருக்கு ஒரு அச்சுத் தகடு, ரெண்டு பக்கமும் சேத்து ஃபார்முக்கு 8. பிளேட்டு காசு நூறு காப்பி அடிச்சாலும் ஒண்ணுதான் ஆயிரம் அடிச்சாலும் ஒண்ணுதான். தெரு பசங்களுக்கு மட்டும்னா பிளேட்டு போட்டு அடிக்கற ஆஃப்செட்டுக்கு வராதீங்க, டிஜிட்டல்ல போட்டுக்கோங்க. அதுக்கும் துட்டு இல்லன்னா நாலு ஏ4 பேப்பர நடுவுல மடிச்சா 16 பக்கம், ஜெராக்ஸ்தான், புள்ளைங்களே கலர் அடிச்சுக்கட்டும்.

கலர்பென்சில்_பெரம்பூர்:
அண்ணே இத யாரும் இவ்ளோ தெளிவா சொன்னதே இல்ல. எழுதறவங்க முழுக் கதையையும் ஒரே மூச்சுல எழுதி அனுப்பிட்டு "படம் போட்டுக் குடுங்க"ம்பாங்க, எந்த வரி எந்தப் பக்கம்னு கேட்டா கோச்சுப்பாங்க.

தண்டையார்பேட்டை_டீச்சர்:
மின்ட் அண்ணா பெரிய நன்றி. வியாசர்பாடி அக்கா சொன்ன மாதிரியே இந்த வாரம் வடை கதைய நேரா சொல்லிப் பாத்தேன், செல்போன் கிடையாது, ஒண்ணும் கிடையாது. "காக்கா பாடுச்சாம், வடை கீழ உழுந்துச்சாம்"னு முடிக்கிறேன், வாசப்பக்கம் குந்தி இருந்த ஒரு பையன் கைய தூக்கறான். "டீச்சர், ஓட்ட வடையா இருந்தா மூக்குல மாட்டிக்கினு பாடலாம்ல?" நான் அப்டியே நின்னுட்டேன். அவன் விரல்ல வளையம் மாட்டற மாதிரி செஞ்சு வேற காட்டுறான், கா கான்னு கத்துறான், விரலு ஆடுது வடை உழல. மத்ததுங்க எல்லாம் விரல மூக்குல வெச்சுக்கினு கத்த ஆரம்பிச்சுடுச்சு. கீழ் வூட்டுக்காரம்மா மேல வந்து பாத்துட்டுப் போனாங்க.

இதவிட ஒரு காமெடி ரீமேக் யாரு எழுத முடியும்?

காசிமேட்டான்:
பையனுக்கு சலாம். ஆனா ஒரு டவுட்டு. ரோட்டோரத்துல கெயவி சுடறது மசால் வடை. மெதுவடை இன்னாத்துக்கு சுடப்போவுது, அது ஓட்டல் ஐட்டம், மாவாட்டணும், சாம்பாரு வேணும்.

வியாசர்பாடி_அம்மா:
ஏங்க எங்க தெரு முனையில ரெண்டும்தான் போடறாங்க, காலைல மெதுவடை சாயங்காலம் மசால் வடை.

ஒற்றியூர்வாசி:
கதைல நேரம் சொல்லலயே. காக்கா காலைலயும் வரும்.

ஓய்வு_ஹெட்மாஸ்டர்_ராயபுரம்:
நான் படிச்ச காலத்து பாடப்புத்தகப் படத்துல தட்டையாதான் இருந்ததா ஞாபகம்.

கலர்பென்சில்_பெரம்பூர்:
நிறுத்துங்க, இந்தச் சண்டையே புக்குங்க. பாட்டி தட்டுல ரெண்டு வடையும் இருக்கு. மொத பாதில காக்கா மசால் வடை தூக்கி ஏமாறுது, எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ரெண்டாவது பாதில மறுநாள் அதே மரம், அதே நரி, அதே பாட்டு கேக்குது, இந்த வாட்டி காக்கா மெதுவடை எடுத்துக்கினு வந்திருக்கு. வரில "காக்கா வாயத் திறந்தது, வடை..."ன்னு ஒத்தப்படை பக்கத்துல நிறுத்தணும். திருப்பினா மூக்குல வடை சுத்திக்கினு இருக்கு, நரி கீழ வாயப் பொளந்துக்கினு நிக்குது. தெரியாத புள்ளைக்கு மொத பாதில அசல் கெடைச்சுடும், தெரிஞ்ச புள்ளைக்கு ரெண்டாவது பாதில ட்விஸ்ட். அக்கா சொன்ன பிரச்சனையும் தீந்துது. ஹெட்மாஸ்டர் சாருக்கும் பாடம் இருக்கு, ஏமாந்தவன் மறுநாள் உஷாரா வர்றான்.

ஓய்வு_ஹெட்மாஸ்டர்_ராயபுரம்:
இத ஏத்துக்கலாம். மொழி மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க. "உழுந்துச்சு", "குந்திக்கினு"ன்னு எல்லாம் அச்சுல ஏத்துனா பள்ளிக்கூடத்துல அதையேதான் எழுதுவான், மார்க் போடறவன் நான் இல்ல.

காசிமேட்டான்:
சார் காக்கா தண்டையார்பேட்ட காக்கா. அது இன்னா "தங்கள் பாடலைக் கேட்க விழைகிறேன்"னா பேசும்?

கலர்பென்சில்_பெரம்பூர்:
கதை சொல்ற வரி எளிமையா பொதுவா இருக்கட்டும், பலூன்ல வர்ற பேச்சு மட்டும் நம்ம பேச்சு. நரிய வேணா செந்தமிழ்ல பேச விடலாம், அது ஐஸ் வைக்கற ஆளு, மேடைப்பேச்சு மாதிரி இழுத்தா படிச்சுக் காட்டறவங்களுக்கும் நடிக்க ஒரு எடம் கெடைக்கும்.

வியாசர்பாடி_அம்மா:
வடை சரி. எனக்கு இன்னொரு கதை மேல கண்ணு, கேட்டுட்டு சொல்லுங்க. எங்க ஆயா பர்மாவுலேர்ந்து கப்பல்ல வந்தவங்க, இருட்டுல கரண்டு போனா இந்தக் கதைதான். மருமகப்புள்ள மாமியா வூட்டுக்குப் போறான், கொழுக்கட்டை போடறாங்க, ருசில சொக்கிட்டான். பேரு மறந்துடக் கூடாதுன்னு "கொழுக்கட்டை கொழுக்கட்டை"ன்னு சொல்லிக்கினே வூட்டுக்கு நடக்கறான். வழில ஒரு வாய்க்கா. "அத்திரிபாச்சா!"ன்னு ஒரு தாண்டு. அப்பாலேர்ந்து "அத்திரிபாச்சா அத்திரிபாச்சா"ன்னே நடக்கறான். வூட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட அத்திரிபாச்சா செஞ்சு குடுன்றான், அவ முழிக்கிறா.

இது வரைக்கும் புள்ளைங்க உருண்டு பொரளும். அடுத்ததுதான் பிரச்சனை. பழைய கதைல அவன் கோவத்துல அவள அடிச்சுடுவான், நெத்தி வீங்கிடும், பக்கத்து வூட்டம்மா வந்து "ஐயையோ கொழுக்கட்டை மாதிரி வீங்கிப் போச்சே"ன்னும், இவன் "ஆங் அதான் அதான், கொழுக்கட்டை"ன்னு குதிப்பான். ஆயா சொன்னப்ப நாங்க எல்லாம் சிரிச்சோம். இப்ப என் புள்ளைங்களுக்கு சொல்லச்சொல்ல அந்த எடத்துல எனக்கு வாய் வரல. எங்க லைன் வூட்டுல நெஜமாவே ராத்திரி சத்தம் கேக்கும், அத கேட்டு வளர்ற புள்ளைங்க இங்கயும் வந்து அத சிரிப்பா கேக்கணுமா? ஆனா வீக்கம் இல்லன்னா கதையே முடியாது. என்ன பண்றது?

ஓய்வு_ஹெட்மாஸ்டர்_ராயபுரம்:
அந்த அடி வேண்டாம். இதுல அசல் கிசல்னு நான் வாதாட மாட்டேன். சாதாரணமா ஏதாவது பலகாரம் செஞ்சு வெச்சு அதப் பாத்து ஞாபகம் வர்ற மாதிரி முடிச்சிடுங்க.

காசிமேட்டான்:
சார் அப்டி முடிச்சா உப்பில்லாத கஞ்சி மாதிரி இருக்கும்.

ஒற்றியூர்வாசி:
வீங்கட்டும், ஆனா அவனுக்கே வீங்கட்டும். பழைய வூட்டு நிலைப்படி எல்லாம் எவ்ளோ தாழ்வா இருக்கும். "அத்திரிபாச்சா தெரியாதா உனக்கு"ன்னு கோவமா தாம்தூம்னு வெளில போறான், டங்குன்னு நிலைல இடிச்சுக்கறான். திரும்பி உள்ள வர்றான், மறுபடி டங்கு. பொண்டாட்டி பாத்துட்டு "இன்னாய்யா நெத்தி கொழுக்கட்டை மாதிரி வீங்கிக் கீது"ன்றா. "அதாண்டி!"

கலர்பென்சில்_பெரம்பூர்:
ஐயோ இது சூப்பர், இதுல நம்ம மொதல்ல பேசுன விஷயமும் உக்காந்துடுச்சு. அவன் கொழுக்கட்டை பேரு தெரியாம கத்திக்கினு இருக்கான், அது அவன் நெத்தி மேலயே வளருது. பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா பெருசாக்குவேன், மேல அந்த மடிப்பு மடிப்பா கோடு வரும்ல, அதையும் போட்டுடுவேன். அவன் மட்டும் பாக்க முடியாது. அஞ்சாவது பக்கத்துலேர்ந்து புள்ளைங்க "நெத்திலடா, நெத்தில"ன்னு கத்தலன்னா நான் பென்சில ஒடச்சுப் போட்டுடறேன். பொண்டாட்டி அடி வாங்கற ஆளு இல்ல, கடைசி வரிய சொல்ற ஆளு.

மின்ட்_பிரஸ்காரன்:
அஞ்சாவது பக்கத்துல எப்டி நெத்தி வீங்கும், வூட்டுக்கே வரலயே அவன்? வாய்க்காவ எங்க வெக்கப் போறீங்க? 8-9ல வெக்கலன்னா நான் புக்கு அடிக்க மாட்டேன்.

கலர்பென்சில்_பெரம்பூர்:
சரி சரி, கணக்கு போடறேன். 2லேர்ந்து 5 வரைக்கும் மாமியா வூடு, தின்னுறான். 6-7 ரோட்டுல கொழுக்கட்டை கொழுக்கட்டைன்னு நடை, எழுத்தே அவன் கூட நடக்கற மாதிரி, 7 ஓரத்துல கால் வாய்க்கா முனைல. திருப்பினா 8-9 தாண்டல். 10லேர்ந்து அத்திரிபாச்சா. 12லேர்ந்து நிலைப்படி. 16ல பொண்டாட்டி வரி.

தண்டையார்பேட்டை_டீச்சர்:
முடிவு பண்ணிட்டேன். கொழுக்கட்டைதான் மொத புக்கு. இதுக்கு முன்கதை எதுவும் தெரிஞ்சிருக்க வேணாம், மூணு வயசுக்கும் புரியும். மெதுவடை அடுத்த புக்கு, அதுக்குள்ள எல்லா பசங்களுக்கும் மசால் வடை கதைய நேரா சொல்லி முடிச்சிடறேன். ஐடியா குடுத்த பையன் பேரு உள் அட்டைல வரும், அவங்க அம்மாகிட்ட கேட்டுட்டேன். அந்த செல்போன் காக்காவ எழுதுன அண்ணன்கிட்ட இத எப்டி சொல்றதுன்னு மட்டும் யாராச்சும் சொல்லுங்க.

வியாசர்பாடி_அம்மா:
அம்மாங்க குரூப்புல போட்டு உடுங்க, அங்க ஹிட்டாயிடும்.

காசிமேட்டான்:
வாய்க்கா வரையறது இருக்கட்டும், எந்த வாய்க்கா? நம்ம ஏரியான்னா கேப்டன் காட்டன் கால்வாதான். அத்த எவனும் ஒரே தாண்டுல தாண்ட முடியாது, நடுவுல தொபுக்கடீர்தான்.

கலர்பென்சில்_பெரம்பூர்:
அப்போ விழட்டும். 8ல எகிறுறான், 9க்குப் போய் சேரல, நடுவுலயே உக்காந்துடறான். தண்ணிக்குள்ள ஒரு பழைய டயர், அது மேல.

மின்ட்_பிரஸ்காரன்:
நடுவுலன்னா மடிப்புல. அங்க ரெண்டு பின்னு வரும், மேலேர்ந்து ரெண்டரை இன்ச்சுல ஒண்ணு, கீழேர்ந்து ரெண்டரை இன்ச்சுல ஒண்ணு. கீழ் பின்னு கரெக்டா அவன் உக்கார்ற எடத்துல வர்ற மாதிரி வரைஞ்சு குடுங்க. பேரு எப்டி மறந்துச்சுன்னு எவனும் கேக்க மாட்டான்.